“வயரிங் முழுக்கப் புதுசு” எண்டு வித்த கார்: 185,000 ரூபா போச்சு, கவனம்

யாழ்ப்பாணத்தில பழைய கார் தேடுற ஆக்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ. 185,000 ரூபா. இது காரின்ர விலை இல்லை. கார் எடுத்த பிறகு வயரிங் எண்டு சொல்லிப் போன காசு. அதில 50,000 தான் உண்மையான வேலைக்குப் போனது. மிச்சம் 135,000 அப்பிடியே விழுங்கியாச்சு.

கடையின்ர பேர் போடேல்ல. பழைய காருகளை வரிசையா நிப்பாட்டி வைச்சு விக்கிற இடம், அவ்வளவுதான். கார் அத்தான்ர. நான் கார் எலக்ரிக்கல் வேலை செய்யிறவன், ஆனா இருக்கிறது வவுனியாவில. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பொனற் எனக்கு முன்னால திறந்தது.

அத்தான் நம்பினதுக்குக் காரணம் கறுப்பு ரேப். வித்தவர் பொனற்றைத் திறந்து, பளபளக்கிற புது ரேப், புதுச் சுருள் குழாய், ஒரே அளவா வெட்டின கேபிள் ரை எல்லாத்தையும் கையால தடவிக் காட்டியிருக்கிறார். “அண்ணை, முழுக்கப் புதுசா இழுத்தது. வயரிங்கில உங்களுக்கு ஒரு சதம் செலவு வராது. நானும் இந்த ஊர்ப் பெடியன்தானே, பிழையான சாமானைத் தந்திட்டு எங்க போகப்போறன்?” ஹெட்லைற், ஹோன், சிக்னல், ரேடியோ எல்லாம் போட்டுக் காட்டி, றிசீற்றின்ர பின்பக்கத்தில பேனையால “3 மாதம் வாரண்டி” எண்டும் எழுதிக் குடுத்தவர். எதுக்கு வாரண்டி எண்டு எழுதேல்ல.

இருபது வருசத்துக்கு மேல ஓடின காரில வயரிங் புதுசா மினுங்கினா அது நல்ல அறிகுறி இல்லை. கொம்பனி வயர் நிறத்துக்கு மேல கோடு போட்டு வரும்: வெள்ளையில நீலக் கோடு, பச்சையில சிவப்புக் கோடு எண்டு. மேல தூசி பிடிச்சு, மங்கிப்போய் இருக்கும். அப்பிடியே இருந்தா ஒருத்தரும் கைவைக்கேல்ல எண்டு அர்த்தம்.

கார் வீட்டுக்கு வந்து ரெண்டு இரவு சும்மா நிண்டா காலமை ஸ்ராட் வராது. போன் எடுத்தா, “பற்றரி பழசு அண்ணை, மாத்துங்கோ.” புதுப் பற்றரி 38,000. அதுவும் இறங்கிச்சுது. “அப்ப அல்ரனேற்றர் சார்ஜ் பண்ணேல்ல, எங்கட ஆளிட்டக் குடுங்கோ.” அல்ரனேற்றர் 32,000. கழட்டின பழசைத் திருப்பிக் குடுக்கவும் இல்லை. பிறகு ஒருநாள் இரவு லைற் மங்கி, எரிஞ்ச மணம் வர, “முழு வயரிங்கும் ஒருக்காப் பாக்கவேணும்” எண்டு அதே ஆள் 65,000 வாங்கினார். முழுக்கப் புதுசு எண்டு சொல்லி வித்த வயரிங்குக்குத்தான் இந்த 65,000! அந்தக் காசுக்கு அவர் செய்தது பழைய ரேப்புக்கு மேல இன்னொரு சுத்து ரேப்.

ரேப்பை உரிச்சா பசை உருகிக் கையில கறுப்பா ஒட்டுது. உள்ளுக்க இருந்தது வீட்டு வயரிங்குக்குப் போடுற 1/1.13 வயர். உள்ளுக்க ஒரே ஒரு தடிச்ச செப்புக் கம்பி. சுவருக்குள்ள அசையாமக் கிடக்கிறதுக்கு அது நல்ல வயர்தான். காரில எஞ்சின் ஆட ஆட அது முறியும். காருக்குப் போடவேண்டியது கன மெல்லிய இழை சேர்ந்த, எஞ்சின் சூட்டைத் தாங்கிற ஓட்டோ வயர். மூட்டு எல்லாம் கையால முறுக்கி விட்டது. கிறிம்ப் (நசுக்கி இறுக்கிற முனை) இல்லை, ஈயம் இல்லை. எங்கட உப்புக் காத்துக்குச் செப்பு பச்சை பூத்து, தொட உதிர்ந்தது. முன்பக்கத்தில இருந்து டாஷ்போர்ட்டுக்குள்ள போற ஓட்டையில ரப்பர் வளையமும் இல்லை. தகரத்தின்ர விளிம்பு வயரின்ர தோலைப் பாதிக்கு மேல வெட்டியிருந்தது.

ஹெட்லைற்றைப் பாத்தா இன்னும் கோவம் வரும். கொம்பனி பல்ப் 60/55 வாற் (பிறைற் 60, டிம் 55). டிம்மில ரெண்டும் சேர்த்து 110 வாற், கிட்டத்தட்ட 9 அம்பியர். இவர் போட்டது 100/90. அது 180 வாற், 15 அம்பியர். றிலே (சின்னக் கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஓன் பண்ணுற சுவிச்) இல்லாம, அந்த 1/1.13 வயரிலயே ரெண்டு பக்கத்தையும் சேர்த்து, சுவிச்சுக்குள்ளால எடுத்திருக்கிறார். 15 அம்பியர் நீலப் பியூஸ் எரிஞ்சிருக்கும். அதுக்கு 30 அம்பியர் பச்சைப் பியூஸைக் குத்தியிருக்கிறார். பியூஸ் இருக்கிறது வயரைக் காப்பாத்த. வயரை விடப் பெரிய பியூஸ் போட்டா, பியூஸுக்கு முன்னம் வயர் எரியும். முறுக்கின மூட்டைப் பியூஸ் கண்டுபிடிக்கவும் மாட்டாது: 15 அம்பியர் ஓடுற இடத்தில 0.1 ஓம் தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளியில 22 வாற்றுக்கு மேல சூடு, ஆனா ஓடுற கரண்ட் கூடுறதில்லை. பல்ப் சொக்கற் மண்ணிறமாகி, ஒரு கால் உருகி வளைஞ்சு போயிருந்தது. எரிஞ்ச மணம் அதுதான்.

பற்றரி இறங்கினது வேற கதை. பற்றரியின்ர நெகற்றிவ்வைக் கழட்டி, மல்ரிமீற்றரை 10 அம்பியருக்கு வைச்சு இடையில போட்டு, கதவெல்லாம் பூட்டி அரை மணித்தியாலம் விட்டுப் பாக்கிறது. (மீற்றர் இடையில இருக்கேக்க ஸ்ராட் அடிக்கக் கூடாது, மீற்றர் போயிடும்.) அப்ப ஓடுற கரண்ட் 0.05 அம்பியருக்குக் கீழ நிக்கவேணும். இதில 0.6. 40 அம்பியர்-மணி (Ah) பற்றரி ரெண்டு நாளில 29 அம்பியர்-மணியை இழந்தா எப்பிடி ஸ்ராட் வரும்? பியூஸை ஒவ்வொண்டாக் கழட்ட, எது கழட்டேக்க இறங்குதோ அந்த லைனிலதான் பிழை. இந்தக் காரில எல்லாத்தையும் கழட்டியும் 0.6 அசையேல்ல. அப்ப பியூஸ் பெட்டிக்கு முன்னமே ஆரோ எடுத்திருக்கினம். தேடினா, பற்றரி பொசிற்றிவ்வில இருந்து நேரா, பியூஸே இல்லாம ஒரு வயர் இடது மட்கார்ட்டுக்குள்ள போகுது. பழுதான பழைய அலாம் ஒண்டு. வெட்டி எடுத்தவுடன 0.03.

அல்ரனேற்றர்? எஞ்சினை ஓடவிட்டு லைற், புளோவர் போட்டு அளந்தா அல்ரனேற்றரில 14.3 வோல்ற், பற்றரியில 13.1. அப்ப இடையில 1.2 வோல்ற் துலையுது. ஸ்ராட் அடிக்கேக்க பற்றரி நெகற்றிவ்வுக்கும் எஞ்சினுக்கும் இடையில 1.8 வோல்ற். 0.3க்கு மேல போகவே கூடாது. எஞ்சினுக்கு வாற ஏர்த் வயர் (கரண்ட் பற்றரிக்குத் திரும்புற வழி) கழட்டினது திருப்பிப் போடேல்ல! புது 16 சதுர மில்லிமீற்றர் வயர், ரெண்டு ரெமினல், பெயின்ரைச் சுரண்டி இறுக்கினது எல்லாம் சேர்த்து 2,500 ரூபா. இதைப் பாக்காமத்தான் பற்றரியும் அல்ரனேற்றரும் மாத்தினவை. பழைய அல்ரனேற்றரில பிழை இருந்திருக்கும் எண்டு நான் நம்பேல்ல, அதை இப்ப வேற ஆருக்கோ வித்திருப்பினம்.

திருத்தினது இப்பிடி: வீட்டு வயர் முழுக்க வெளியில. கழிச்ச காரில இருந்து எடுத்த கொம்பனி வயர்க் கட்டு உள்ளுக்க. 60/55 பல்ப், புதுச் சொக்கற். டிம்முக்கும் பிறைற்றுக்கும் வேற வேற றிலே (30, 87, 85, 86 எண்டுறது றிலேயின்ர கால் நம்பர்): 30இல பற்றரியில இருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 அம்பியர் பியூஸ், 87இல இருந்து லைற்றுக்கு, 85உம் 86உம் பழைய சுவிச் வயருக்கும் ஏர்த்துக்கும். மூட்டெல்லாம் கிறிம்ப் பண்ணி, உள்ளுக்க பசை உள்ள சுருங்கிற குழாய் போட்டது. ஓட்டைக்கு ரப்பர். சாமானும் கூலியும் 50,000. அதில கனக்கப் போனது அவர் கட்டினதைக் கழட்டத்தான்.

இதெல்லாத்தையும் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டா வந்த மறுமொழி: “வாரண்டி எஞ்சினுக்கும் கியருக்கும்தான் அண்ணை, வயரிங் எஞ்சினில்லையே.” அடுத்தது, “வேற ஆள் கைவைச்ச காருக்கு நாங்கள் பொறுப்பில்லை.” அவையின்ர ஆள் கைவைச்சது கணக்கில்லையாம். பிறகு முதலாளி கொழும்பில, பிறகு கோயில் திருவிழா, பிறகு “வாற கிழமை கதைப்பம்”. வாட்ஸ்அப்பில நீலக் கோடு மட்டும் விழுது. 185,000 ரூபாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

2020இல இறக்குமதி நிப்பாட்டினதில இருந்து 2025 வரைக்கும் பழைய காருக்குப் பொன் விலை. அந்த விலையில தள்ளுற ஆசையில ரேப் சுத்தி மறைக்கிறது கூடிப்போச்சு. எல்லாத்தையும் விளக்கமா எழுத இருந்தனான், கோவத்தில முடியேல்ல. எடுக்கப் போறவைக்கு அவசரமாச் சிலது:

பியூஸ் பெட்டி மூடியில எழுதியிருக்கிற அம்பியரும் உள்ளுக்க இருக்கிறதும் ஒண்டோ எண்டு பாருங்கோ. பாக்க விடாட்டி எழும்பி வாங்கோ.

சாவியை ஓன் பண்ண எயார் பாக் லைற் எரிஞ்சு சில செக்கனில நிக்கவேணும். எரியவே இல்லையெண்டா பல்ப்பைக் கழட்டியிருக்கினம். ஓயில் லைற்றோட சேர்ந்தே அணைஞ்சா அதின்ர வயரோட சேர்த்துக் கட்டியிருக்கினம்.

ரேடியேற்றர் விசிறிக்கு டாஷ்போர்ட்டுக்குக் கீழ தனிச் சுவிச் இருந்தா வேண்டாம்.

மஞ்சள் குழாய் எயார் பாக், ஹைபிரிட்டில செம்மஞ்சள் வயர் உயர் வோல்ற். ரெண்டிலயும் நீங்களாக் கைவைக்காதேங்கோ.

வாரண்டியில “வயரிங் உட்பட” எண்டு எழுதுவியுங்கோ. மாத்தின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கோ. பிரச்சினை எண்டா நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்குப் போன் எடுங்கோ. முறைப்பாடு எழுத்தில, வாங்கி 3 மாதத்துக்குள்ள குடுக்கவேணும். அவை “வாற கிழமை” எண்டு இழுக்கிறது அந்தத் திகதி போகட்டும் எண்டுதான். எங்கடது நாளைக்குப் போகுது, றிசீற், படம், 185,000க்கும் பில்லோட.