மணிக்கணக்கா, கைத்திறனா? புதிய லாரி ஓட்டுநருக்கு மூன்று நாட்டு விதிகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்து லங்காப்பில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும் லாரிகளில் பெரும்பாலானவை செம்பனைக் குலை ஏற்றியவை. 2025 மே 13 அன்று தெலுக் இந்தான் பக்கம் சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கலகத் தடுப்புப் போலீசார் வந்த வாகனமும் கல் ஏற்றிய லாரியும் மோதி ஒன்பது போலீசார் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல வாரங்கள் எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கு ஆள் போக்குவரத்து அமைச்சர். ஒருவர் கனடாவைப் போலப் பயிற்சி வேண்டும் என்பார், இன்னொருவர் அமெரிக்காவைப் பார் என்பார். அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் மகன் வந்து, "சித்தப்பா, லாரி ஓட்ட இ லைசென்ஸ் எடுக்கப் போகிறேன்" என்றான். இருபது வருடம் குலை லாரி ஓட்டியவன் நான். சரி, மூன்று நாட்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் நாட்டு வழி தேர்வை நம்பி நிற்பது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். கையில் கார் ஓட்டும் டி உரிமம் இருக்க வேண்டும். பிறகு வெற்று எடையைப் பார்த்து வகுப்பு: 5,000 கிலோ வரை இ2, 7,500 வரை இ1, அதற்கு மேல் முழு இ. சாலைப் போக்குவரத்து இலாகாவின் தேர்வில் தேறிய பிறகும் சரக்கு ஏற்றிப் பிழைக்க ஜி.டி.எல். என்ற சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம் தனியாக வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனையும் ஒரு வகுப்பும் உண்டு. காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறையை நான் பார்த்தது பயிற்சித் திடலில். பையன் சேர்ந்த பள்ளியில் ஏழு பேருக்கு ஒரு லாரி. ஒரு காலைப் பொழுதில் அவன் கைக்கு ஸ்டியரிங் வந்தது இருபது நிமிடம். மீதி நேரம் மரத்தடியில் கைத்தொலைபேசி. பின்னோக்கி எடுப்பதை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "வலது கண்ணாடியின் நடுவில் மஞ்சள் கம்பம் தெரிந்ததும் முழுதாக ஒடிக்க வேண்டும், சித்தப்பா" என்றான். தேர்வுத் திடலுக்கு அது போதும். செம்பனை ஆலையின் மேட்டில், முன்னே இரண்டு லாரி, பின்னே ஒரு டிராக்டர், தரையெல்லாம் உதிரிப் பழம் என்று இருக்கும் இடத்தில் மஞ்சள் கம்பத்துக்கு எங்கே போவது?

அமெரிக்கக் கூட்டரசு விதி 2022 பிப்ரவரி 7 முதல் நடப்பில் இருக்கிறது. முதன்முறையாக ஏ (இழுவை லாரி) அல்லது பி (கனரகத் தனி லாரி) வகுப்பு வணிக உரிமம் எடுப்பவர், அரசின் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில் படித்து முடித்தால்தான் ஓட்டுநர் தேர்வுக்கே உட்கார முடியும். பாடத் தேர்வில் 80 விழுக்காடு வாங்க வேண்டும். திடலிலும் பொதுச்சாலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு மட்டும் அந்த விதியில் பதில் கிடையாது. 2016-இல் வந்த முதல் வரைவில் ஏ வகுப்புக்கு 30 மணி நேரம் ஓட்டியாக வேண்டும் என்று இருந்தது. அதே ஆண்டு இறுதி விதி வெளிவந்தபோது அந்த வரி போய்விட்டது. மாணவனுக்குத் திறமை வந்துவிட்டது என்று பயிற்றுநர் கையெழுத்திட்டால் போதும். கை சீக்கிரம் பழகுகிறவனுக்கு இது லாபம், உண்மைதான். ஆனால் பள்ளி நடத்துகிறவருக்கும் மாணவனைச் சீக்கிரம் அனுப்புவதே லாபம். போதாததற்கு, தகுதி உண்டு என்று பள்ளியே உறுதி கூறித்தான் பதிவேட்டில் சேர்கிறது. எனக்கு இடிப்பது இந்த இடம்தான்.

கனடாவில் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. முதலில் இறங்கியது ஒன்டாரியோ. 2017 ஜூலை 1 முதல் அங்கே ஏ வகுப்புக்குக் குறைந்தது 103.5 மணி நேரம் கட்டாயம்: வகுப்பறையில் 36.5, திடலில் 17, லாரிக்குள் 50. சஸ்காச்சுவானில் அது ஒரு பெரிய சாவுக்குப் பிறகுதான் நடந்தது. 2018 ஏப்ரல் 6 அன்று, நிறுத்தப் பலகையில் நிற்காமல் வந்த லாரியோடு ஹம்போல்ட் ஹாக்கிக் குழுவின் பஸ் மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த லாரி ஓட்டுநருக்குக் கிடைத்திருந்த பயிற்சி சில வாரங்கள்தான். 2019 மார்ச்சில் அந்த மாநிலம் 121.5 மணி நேரத்தைக் கட்டாயமாக்கியது.

மணி நேரத்தையும் காகிதத்தில் பொய்யாக எழுதலாம் என்று கடையில் ஒருவர் வாதாடினார். எழுதலாம்தான். ஆனால் லாரிக்குள் 50 மணி நேரம் என்று சட்டம் சொன்னால், ஏழு பேருக்கு ஒரு லாரியை வைத்துக்கொண்டு பள்ளி எத்தனை நாள் ஓட்டியிருக்க வேண்டும் என்று விரல்விட்டுக் கணக்குக் கேட்கலாம். "திறமை வந்துவிட்டது" என்ற கையெழுத்தை எதை வைத்துக் கேட்பது? அதனால் என் ஓட்டு ஒன்டாரியோவுக்கு. கட்டணம் ஏறும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பாரம். அதை அரசு தாங்க வேண்டும் என்பேன். அமெரிக்காவிடமிருந்து கடன் வாங்குவதானால் ஒன்றை வாங்கலாம்: பயிற்சி முடிக்காதவன் தேர்வுக்கே வரக்கூடாது என்று பதிவேட்டோடு கட்டிப்போட்டிருப்பதை.

இவை எல்லாம் இங்கே சட்டமாகும்வரை பையன் காத்திருக்க முடியாது. நண்பர் ஒருவரின் குலை லாரியில் அவனைக் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநரின் உதவியாளாக, ஏற்றிவிட்டேன். தேர்வு அடுத்த மாதம். முதல் நாள் விடியற்காலையில் நானும் கூடப் போனேன். எஞ்சினை முடுக்கிவிட்டு நண்பர் சும்மா உட்கார்ந்திருந்தார். பையன் பொறுமையிழந்து, "ஏன் மாமா, போகவில்லையா?" என்று கேட்டான். அவர் காற்று பிரேக்குக்கு அழுத்தம் சேர்வதைக் காட்டும் முள்ளை விரலால் தட்டிக் காட்டினார். அது இன்னும் பாதிகூட ஏறவில்லை.