ஸ்லீவ் அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகள்: பசியும் சர்க்கரையும் எப்படி மாறின

உடல் நிறை குறியீட்டெண் 40-ஐத் தாண்டி, சர்க்கரைக்கு இன்சுலினும் போட்டுக்கொண்டிருந்த நிலையில் நான் எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி அறுவை செய்துகொண்டு ஐந்தாண்டுகள் ஆகின்றன. வயிறு சுருங்கியதால் சாப்பாடு குறைந்தது, அதனால் எடை குறைந்தது என்பது தக்கலையில் எங்கள் சொந்தக்காரர்களின் கணக்கு. அது பாதிதான் சரி.

முதலில் மாறியது பசி. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுக்கும் இந்த அறுவையில் அந்தப் பகுதியும் போய்விடுகிறது. பட்டினி கிடந்து எடை குறைத்தால் கிரெலின் கூடும். முன்பு நான் குறைத்த எடையெல்லாம் திரும்பி வந்த கதை அதுதான். அவித்த மரச்சீனியும் சாளைக் குழம்பும் இருந்தால் மறுதட்டு கேட்காமல் எழுந்திராத எனக்கு, இப்போது நாலு துண்டிலேயே கை தானாக நின்றுவிடுகிறது. உணவு சிறுகுடலுக்கு விரைவாக இறங்குவதால் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய நிறைவு ஹார்மோன்கள் அதிகமாகச் சுரப்பதும் இதற்குக் காரணம். இன்று பரவலாகப் பேசப்படும் செமாகுளுடைட் ஊசி, இதே ஜிஎல்பி-1 செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

சட்டை தளர்வதற்கு முன்பே இன்சுலின் அளவு குறைந்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. உணவு குறைந்ததும் கல்லீரல் கொழுப்பு இறங்குகிறது, சாப்பிட்டவுடன் எழும் ஜிஎல்பி-1 கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் பல காலம் இன்சுலினில் இருந்தவர்களுக்குக் கணையமே களைத்துப்போயிருக்கும் என்பதால் முழு விடுதலையை எதிர்பார்க்கக் கூடாது. எனக்கு இன்சுலின் ஊசி நின்றாலும் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை தொடர்கிறது.

உணவு விரைந்து இறங்குவதில் தொல்லையும் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் பால்பாயசத்தில் போளியைப் பிசைந்து சாப்பிட்ட சற்று நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வியர்த்து, பந்தலுக்கு வெளியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மயினி விசிறிக்கொண்டே நின்றார்கள். டம்பிங் என்று மருத்துவர்கள் சொல்லும் இது, அடர்ந்த இனிப்பு ஒரேயடியாகக் குடலில் இறங்குவதால் வருவது. மட்டிப்பழம் ஒன்று மட்டும் மெதுவாகத் தின்றால் எனக்கு எதுவும் செய்வதில்லை.

மூன்றாம் ஆண்டுக்குப் பின் எடை சிறிது ஏறியது. உடல் மெலிந்தால் ஓய்விலிருக்கும்போது அது செலவிடும் ஆற்றலும் குறைகிறது. கொழுப்போடு, அது சுரக்கும் லெப்டின் என்னும் நிறைவு ஹார்மோனும் குறைவதால் மூளை அதைப் பஞ்சகாலமாக எடுத்துக்கொள்கிறது. தசை கரைந்தால் இந்தச் செலவு இன்னும் குறையும் என்பதால், சோற்றைத் தொடும் முன் நெத்தலியோ முட்டையோ சிறுபயறோ சாப்பிடுகிறேன், எடை தூக்கும் பயிற்சியும் செய்கிறேன். முதல் ஆண்டில் கொட்டிய முடி பெரும்பாலும் வளர்ந்துவிட்டது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கான மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் வேண்டும்.

எனக்கு இன்றும் தீராதது நெஞ்செரிச்சல். இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்தும், தலையணையை உயர்த்தியும் படுக்கிறேன். ஸ்லீவில் இது கூடக்கூடும் என்பதை அறுவைக்கு முன் எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவர்கள் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துவிட்டு, தங்களுக்கு ஸ்லீவுக்குப் பதிலாக இரைப்பை பைபாஸ் என்னும் மற்றோர் எடைக்குறைப்பு அறுவை பொருந்துமா என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டுவிடுவது நல்லது.