முழுப் பருத்திக்கொட்டை: தொடர்ந்து கொடுத்ததில் கண்டவை

கறவை மாடுகளுக்கு முழுப் பருத்திக்கொட்டை கொடுக்கத் தொடங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதன் புரத அளவெல்லாம் அவருக்கே தெரியும். பல பருவங்களாகக் கொடுத்துவரும் என் அனுபவத்தைத்தான் கேட்கிறார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சைப் பிரித்தபின் எஞ்சும் இந்த விதையில், மேலே ஒட்டியிருக்கும் நுண்பஞ்சு எளிதில் செரிக்கும் நார். உள்ளே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். விதை உடையாமல் இருப்பதால் அந்த எண்ணெய் பெருவயிற்றில் (தீவனம் நொதிக்கும் முதல் இரைப்பையில்) ஒரேயடியாகக் கொட்டாமல், மாடு அசைபோட அசைபோடச் சிறிது சிறிதாகக் கலக்கிறது. தானியத்தை மிகுதியாக நம்பியிருந்த காலத்தில் சாணம் இளகி நுரைத்திருக்கும். தானியத்தில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டு இதைச் சேர்த்தபின் சாணம் கட்டிப்பட்டது, மாடுகள் படுத்து அசைபோடும் நேரமும் கூடியது. இந்த அளவு மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இன்றும் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் சாணத்தைத்தான் பார்க்கிறேன்.

இதைக் கொடுத்தால் மாடு வெளிவிடும் மீத்தேன் வாயு குறையும் என்று சொல்வார்கள், அதுவும் உண்மைதான். பெருவயிற்றில் தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து நுண்ணுயிர்கள் மீத்தேனாக்குகின்றன. மாடு தின்ற ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை இப்படி ஏப்பமாகவே போய்விடுகிறது. கொழுப்பு அந்த நுண்ணுயிர்களை அடக்குவதால், தீவனத்தின் உலர்பொருளில் (ஈரம் நீக்கிய எடையில்) கொழுப்பை 1 விழுக்காடு கூட்டினால் மீத்தேன் ஏறத்தாழ 4 விழுக்காடு குறைகிறது என்பது ஆய்வுகளின் கணக்கு. என் கொட்டகையில் அதை அளக்கக் கருவி கிடையாது. மொத்தக் கொழுப்பு 6 விழுக்காட்டைத் தாண்டினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் முடங்கிவிடும் என்பதால், கூடுதல் பலனுக்கு ஆசைப்பட்டு அளவை ஏற்றுவதில் பயனில்லை. காசிபால் என்னும் நச்சு இந்த விதையில் இருப்பதால், அசைபோடத் தொடங்காத கன்றுகளுக்கும் இனவிருத்திக் காளைகளுக்கும் நான் இதைக் கொடுப்பதே இல்லை.

இனி என் பொறுமையைச் சோதிக்கும் செய்தி: ஈரம். பஞ்சு ஒட்டிய விதை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை முழங்கை வரை உள்ளே விட்டால்தான் வெதுவெதுப்பும் முடைநாற்றமும் தெரியும். இம்முறை விற்பனையாளர் அனுப்பிய சரக்கு வந்து இறங்கும்போதே அப்படித்தான் இருந்தது. நல்ல மூட்டைகளை மேலே அடுக்கி, நனைந்தவற்றை அடியில் வைத்திருந்தார்கள். பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு மாட்டோடு நிற்பதில்லை, உருமாறிப் பாலிலும் வருகிறது, பாலைக் காய்ச்சினாலும் அழிவதில்லை. குழந்தைகள் குடிக்கும் பால் அது. உலர்த்தி, நல்ல தீவனத்தோடு கலந்து கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று விற்றவர் சொன்ன யோசனையை என்னால் மன்னிக்க முடியவில்லை. முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பினேன்.

செரிமானத்துக்கு இதைவிட நல்ல துணைப்பொருளை நான் பயன்படுத்தியதில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதே. தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, நாற்புறமும் காற்றோட இடம்விட்டு, ஒவ்வொரு மூட்டையையும் இறக்கும்போதே பிரித்துப் பார்க்க ஆள் வைத்திருப்பவர் வாங்கட்டும். நண்பருடைய தீவன அறையில் மழைக்காலத்தில் சுவர் கசியும். முதலில் அதைச் சரிசெய்யட்டும்.