35,000 ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டர்: கிருஷ்ணகிரிப் பயண அனுபவம்

அக்கா சீட்டு எடுத்த பணத்தில் 35,000 ரூபாயைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு, "இதுக்குள்ள பையனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுடா, உன் காசு ஒரு பைசா போடக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் 2025 மே மாதம் காவேரிப்பட்டணம் போனபோது, பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருந்த மருமகன் ஏற்கெனவே ஒரு தாளில் கணக்கு எழுதிவைத்திருந்தான். மடிக்கணினி வேண்டாம் என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் எதுவும் இல்லை. அந்த விலைக்கு வரும் மடிக்கணினியில் பின்னாளில் பிராசசர் போன்ற முக்கியப் பாகங்களை மாற்ற முடியாது என்பதும், வீட்டில் அவன் தங்கையும் அதே இயந்திரத்தில்தான் படிக்கப்போகிறாள் என்பதும் போதுமான காரணங்களாக இருந்தன.

கிருஷ்ணகிரியில் முதலில் நுழைந்த கடையில் கண்ணாடிக் கதவின் மேல் "ஐ5, 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டருடன் 19,500" என்று ஒட்டியிருந்தார்கள். ஐ5 என்பது கணினியின் மூளையான பிராசசரில் இன்டெல் நிறுவனத்தின் ஒரு வரிசை. அதில் எந்தத் தலைமுறை என்று கேட்டதற்கு, "ஐ5தான் சார், சூப்பரா ஓடும்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டும்படி கேட்டேன், தயங்கித்தான் கழற்றினார்கள். உள்ளே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு புத்தம் புதிதாகப் பளபளத்தது, ஆனால் நினைவகம் டிடிஆர்3 என்ற பழைய வகை, பிராசசரோ 2012இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய கணினிகளிலிருந்து எடுத்த பிராசசரை, அதற்கென்றே இன்னமும் புதிதாக வந்துகொண்டிருக்கும் மலிவான போர்டில் பொருத்தி விற்பது நாடெங்கும் நடக்கிற வியாபாரம்தான். பழையது என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. தட்டச்சும் பாட்டும் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது பயன்படவும் செய்யும். விண்டோஸ் 11 அந்தப் பிராசசரை ஏற்காது என்பதையும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடியவிருந்தது என்பதையும் சொல்லாமல், பில்லிலும் "ஐ5 சிஸ்டம் 1" என்று மட்டும் எழுதித் தருவதுதான் எனக்கு உறுத்தியது.

இரண்டாவதாகப் போனது ஒரு சிறிய பழுதுபார்க்கும் கடை. அதை நடத்துபவர் மேசை முழுக்கப் பழைய பிரிண்டர்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, சாலிடரிங் அயர்னைக் கீழே வைக்காமலேயே எங்கள் தாளைப் படித்தார். பிராசசரும் போர்டும் அவரிடம் இருப்பில் இல்லை. "ரெண்டு நாள் குடுத்தா பெங்களூர்லேருந்து எடுத்துத் தரேன் அண்ணா, நீங்களே போனீங்கன்னா எண்ணூறு ரூபா மிச்சம். ஆனா எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், மானிட்டர் மூணையும் அங்க வாங்காதீங்க. கெட்டுப்போறது அதுதான், தூக்கிட்டு அவ்வளவு தூரம் போவீங்களா?" என்றார். (எஸ்எம்பிஎஸ் என்பது கேபினட்டுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி; யூபிஎஸ் என்பது கரண்ட் போனால் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் பெட்டி.) தன் வியாபாரத்தையும் விடாமல் எங்களுக்கும் நன்மை தரும்படி அவர் பிரித்துக் கொடுத்த அந்தக் கணக்கைத்தான் கடைசிவரை பின்பற்றினோம்.

எங்கள் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பட்ஜெட் குறைவாக இருக்கும்போது திரையில் காட்சியை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டைத் தனியாக வாங்குவது, வீட்டுக்குத் தளம் போடுவதற்கு முன் பெயின்ட் வாங்குவதைப் போன்றது. எனவே கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி என்ற, 2021இல் வந்த, ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்ய ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கொண்ட ஏஎம்டி பிராசசரை எடுத்தோம். அதைவிடப் புதிய ஏஎம்5 வகைப் போர்டுகள் டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்பதால், போர்டும் நினைவகமும் சேர்ந்து பட்ஜெட்டைத் தாண்டிப் போயின. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் பொது நினைவகத்தையே பங்குபோட்டுக்கொள்வதால், ஒரே 16 ஜிபி ஸ்டிக்கை வாங்குவதைவிட 8 ஜிபி ஸ்டிக் இரண்டை வாங்கி இரட்டை வழியில் ஓடவிடுவது கண்கூடாக வேகத்தைக் கூட்டும்; மருமகன் தாளில் எழுதியிருந்தது ஒற்றை ஸ்டிக்தான், அதை மட்டும் நான் திருத்தினேன்.

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்தையும் பேருந்திலேயே ஓசூர் வழியாகக் கடந்து, பெங்களூரு சிட்டி மார்க்கெட்டை ஒட்டிய, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. சாலைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி பதினொன்றாகிவிட்டது. சிங்கப்பூரின் கணினிக் கடை வளாகமான சிம் லிம் சதுக்கத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எஸ்.பி. சாலையின் நெரிசல் மூச்சுமுட்டும், ஆனால் பேரம் இங்கேதான் இனிக்கும். ஏறக்குறைய எல்லாக் கடையிலும் தமிழ் பேசினார்கள். விலையைக் கேட்டதும் வந்த மறுகேள்வி, "பில்லோடவா, பில் இல்லாமலா?" என்பதுதான். 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சப்படுத்தும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் வரிசை எண் எழுதிய பில் இல்லாவிட்டால் உத்தரவாதத்தைக் கேட்டுப் பெறுவது பெரும்பாடு. பிராசசரிலும் இரண்டு வகை காட்டினார்கள்: அட்டைப் பெட்டியில் வருவது ஒன்று, மொத்தத் தட்டிலிருந்து எடுத்துத் தரும் "ட்ரே" என்பது மற்றொன்று. ட்ரே 900 ரூபாய் குறைவு. பெட்டியில் வருவதற்கு ஏஎம்டியின் மூன்று வருட உத்தரவாதமும் கூடவே அதைக் குளிர்விக்கும் ஒரு கூலரும் உண்டு. ட்ரேவுக்கு விற்ற கடைக்காரர் சொல்லும் வாக்குதான் உத்தரவாதம். நான் திரும்பிப் பறந்துவிட்ட பிறகு அந்த வாக்கைக் கேட்டு யார் எஸ்.பி. சாலைக்கு அலைவது என்று எண்ணிப் பெட்டியையே எடுத்தோம்.

பிராசசர் 10,800, பி450 போர்டு 5,200, நினைவகம் 3,100, சேமிப்பகமான 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 2,900 என்று 22,000 ரூபாய் அங்கே செலவானது. என் சிங்கப்பூர் அட்டையைத் தேய்த்தால் இரண்டு சதவீதம் கூடுதல் என்றார்கள். ஊருக்குப் போன் செய்து, அக்கா தன் கணக்கிலிருந்து யூபிஐ வழியாக அனுப்பும்வரை கடை வாசலில் நின்றோம். (அந்த ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிவிட்டதால், இந்த விலைகளை அப்படியே நம்பி யாரும் இப்போது கிளம்ப வேண்டாம்.)

அன்று இரவே வீட்டுத் திண்ணையில் பழைய போர்வையை விரித்துப் பொருத்தத் தொடங்கினோம். அதற்குள் அந்தப் பழுதுபார்ப்பவரிடமே கேபினட் 1,900, எஸ்எம்பிஎஸ் 2,700, 22 அங்குல மானிட்டர் 6,300, கீபோர்டும் மவுசும் 750 என்று மீதியை வாங்கியிருந்தோம். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர்த்துத் தனியாக வாங்கியதற்குக் காரணத்தை அவரே கையில் காட்டினார். "450 வாட்" என்று எழுதியிருந்த இலவசத்தை ஒரு கையிலும், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்சிக்கனத் தரச்சான்று பெற்ற மற்றதை இன்னொரு கையிலும் தந்தார். முதலாவது காலி டப்பாவைப் போலக் கனமற்றிருந்தது. மாலையில் தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்கும் ஊரில், அந்த டப்பாவை நம்பி 22,000 ரூபாய்ப் பொருளை ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றையும் பூட்டிப் பொத்தானை அழுத்தினோம். மின்விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. நினைவகத்தைக் கழற்றி மாட்டினோம், ஒற்றை ஸ்டிக்கோடு பார்த்தோம், திரை கறுப்பாகவே இருந்தது. மருமகனின் முகம் வாடிப்போனதைப் பார்த்த அக்கா, "கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை அவன் கேபினட்டைக் கட்டிப்பிடித்தபடி வண்டியின் பின்னால் உட்கார, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தோம்.

பழுதுபார்ப்பவர் போர்டின் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்ததுமே சிரித்தார். பி450 என்பது 2018இல் வந்த சிப்செட், அதாவது போர்டைக் கட்டுப்படுத்தும் சில்லு. கடையில் நாள்பட்டுக் கிடந்த இருப்பில் பழைய பயாஸ்தான் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இருக்கும். அதற்குப் பின்னால் பிறந்த 5600ஜியை அந்தப் பயாஸுக்குத் தெரியாது. பொருள் எதுவும் கெட்டுப்போகவில்லை. விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். அவர் கூலரின் நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தினார். பிறகு கூலரை நேராகத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகினார். எங்களுடையதைப் போன்ற ஏஎம்4 வகைப் பிராசசரில் ஊசிகள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன, வெப்பம் கடத்தும் பசை ஒட்டிக்கொண்ட நிலையில் வெடுக்கென்று இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிராசசர் பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளைந்தால் அத்தோடு போச்சு என்று திருகிக்கொண்டே விளக்கினார். இழுப்பறையிலிருந்து, அந்தப் பழைய பயாஸுக்குத் தெரிந்த ரைசன் 3 3200ஜி பிராசசர் ஒன்றை எடுத்து வைத்துப் பொத்தானை அழுத்தினார். திரை வெளிச்சம் கண்டது. பென்டிரைவிலிருந்து புதிய பயாஸை ஏற்றும் முன், அதன் நடுவில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது என்பதால், கடையில் இன்வெர்ட்டர் இருந்தும் எங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த யூபிஎஸ்ஸைச் செருகி அதன் வழியாகவே மின்சாரம் கொடுத்தார். சில நிமிடங்கள் யாரும் பேசவில்லை. ஏற்றி முடித்து, எங்கள் பிராசசரைத் திரும்பப் பொருத்திப் புதிதாகப் பசை தடவித் தந்ததற்கு 300 ரூபாய் கேட்டார். நான் 500 நீட்டியதற்கு, மீதி 200ஐ எண்ணி மேசையில் வைத்துவிட்டார்.

அந்த யூபிஎஸ் தாளில் இல்லாத செலவு. அதை விட்டுப் பார்த்தால் மொத்தம் 33,650, பயாஸுக்கான 300ஐச் சேர்த்தால் 33,950. 2,500 ரூபாய் யூபிஎஸ்ஸையும் சேர்த்தால் அக்காவின் எல்லை தாண்டிவிடும். அதைத் தாய்மாமன் சீர் என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். 600 விஏ என்று போட்டிருந்த அந்த யூபிஎஸ் தாங்குவது 360 வாட். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கணினியும் மானிட்டரும் சேர்ந்து வழக்கமான வேலையில் இழுப்பது நூறு வாட்டுக்குள்தான் என்பதால், கரண்ட் போனால் வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்கக் கால் மணி நேரமாவது கிடைக்கிறது. 145 முதல் 290 வோல்ட் வரை பேட்டரிக்குத் தாவாமல் சமாளிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. கரண்ட் பில்லைப் பற்றி அக்காவின் கணவர் கவலைப்பட்டார். அறுபது வாட் வீதம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டியபின் தலையசைத்தார்.

முதல் கடையில் விண்டோஸ் "போட்டுத் தர" 300 ரூபாய் என்றார்கள். அது எப்படிப்பட்ட விண்டோஸ் என்று கேட்க வேண்டியதில்லை. விண்டோஸுக்கு மாற்றான, இலவசமான லினக்ஸ் மிண்ட்டை நாங்களே நிறுவினோம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் வேலை செய்கிறது. நிரல் கற்கப்போகிறவனுக்கு இது குறையே அல்ல; விளையாட்டுகள் சில ஓடாது என்ற வருத்தம் மட்டும் அவனுக்கு உண்டு.

கடைசிச் சிக்கல் கணினியில் இல்லை, வீட்டில் இருந்தது. வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்றது; டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தில் கலக்கும் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளும் வகையில் அமைக்கப்பட்டவை. எர்த் இல்லையென்றால் கேபினட்டின் உடம்பே 230இல் பாதி வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்து வராவிட்டாலும், அதை அப்படியே விடுவது சரியல்ல. எலக்ட்ரீஷியன் "நாளைக்கு வரேன்" என்று மூன்று நாளைக் கழித்துவிட்டு நான்காம் நாள் வந்தார். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பிடித்த பல்பு எரிந்தது. ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவில்லை. சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது மூன்றாவது ஓட்டையின் பின்னால் வயரே இல்லை. முப்பது வருட வீட்டில் இத்தனை காலம் மிக்சியும் கிரைண்டரும் அப்படித்தான் ஓடியிருக்கின்றன.

எர்த் போடக் கொல்லையில் எலக்ட்ரீஷியன் குழி தோண்டும்போது நாலடியில் பாறை தட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்கு ஆச்சரியப்பட ஏதுமில்லை. கடப்பாரையோடு மல்லுக்கட்டிய பின், இரண்டு முழம் தள்ளிக் கறிவேப்பிலை மரத்தருகே மறுபடி தோண்டி, துருப்பிடிக்காதபடி பூச்சிட்ட இரும்புக் குழாயான ஜிஐ பைப்பை இறக்கி, கரியையும் உப்பையும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார். பொருளும் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. அதை அக்காவின் கணவர் வீட்டுச் செலவாக எழுதிக்கொண்டார். மாலையில் மருமகன் வெறுங்காலோடு நின்று கேபினட்டின் மேல் உள்ளங்கையை முழுதாக வைத்துப் பார்த்தான், சுருக்கென்று எதுவும் இல்லை. கோடையில் அந்தக் குழி காயாமல் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனார். சிங்கப்பூர் திரும்பியபின் ஒருநாள் பேசும்போது கேட்டேன். கறிவேப்பிலைக்கு ஊற்றும்போதே கம்ப்யூட்டருக்கும் ஊற்றிவிடுவதாக அக்கா சொன்னார்.