14416: பரீட்சை பயத்துக்கு ஒரு இலவச எண்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பத்தாம் வகுப்பு, நீட் என்று பிள்ளைகள் தூக்கம் கெட்டுத் தவிக்கும் வீடுகளில், சுவரில் எழுதி வைக்கவேண்டிய எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லை. மொழித் தேர்வில் தமிழும் உண்டு. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்.

காரியம் கெடுவது பெரும்பாலும் நம் பக்கத்தில்தான். அப்பச்சி (அப்பா) ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பதிலாகத் தானே பேசுவார். வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) நின்று பேசினால் சுற்றியுள்ள அத்தனை அறைக்கும் கேட்கும். பிள்ளை "ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடும். போனைக் கையில் கொடுத்து மாடி அறைக்கு அனுப்புங்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு குறைந்ததா, பரீட்சையன்று காலையில் வயிறு பிசைகிறதா என்று நாலு வரி குறித்து வைத்துக்கொண்டால் பேச்சு சுலபமாகத் தொடங்கும். லைன் கிடைக்கும்வரை நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள்.

போனிலேயே எல்லாம் தீர்ந்துவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் கூட்டிப்போங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தனியே விடாமல், அப்போதே கிளம்புங்கள்.