பழைய ஐ10: 1.1 போதுமா, 1.2 வேண்டுமா?

செகண்ட் ஹேண்டில் ஹூண்டாய் ஐ10 தேடுகிறவர்கள் கலர், டயர், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் விசாரித்துவிட்டு எந்த இன்ஜின் என்று கடைசியில்தான் கேட்கிறார்கள். 2007-இல் வந்தபோது அதில் 1086 சிசி இன்ஜின், அதாவது 1.1 லிட்டர். அடுத்த வருடம் 1197 சிசி கப்பா இன்ஜினும் சேர்ந்தது, அதுதான் 1.2. வெளியே பார்க்க ஒரே கார்தான். பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம், ஆர்சியில் சிசி எவ்வளவு என்று பாருங்கள்.

என்னிடம் 1.1, தம்பியிடம் 1.2. வருடக்கணக்காக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். காரைக்குடியில் பலகாரம் சுட்டு விற்பது என் தொழில். மணகோலமும் சீப்புச்சீடையும் டின் டின்னாகக் கானாடுகாத்தான், குன்றக்குடி, தேவகோட்டை என்று போகும். கல்யாண மாதம் வந்தால் திருச்சி வரைக்கும் போகும்.

வாங்கும் சமயத்தில் டீசல் ஸ்விஃப்ட் ஒன்றும் படிந்து வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பிருந்த இடைவெளி இல்லை. மைலேஜில் மிச்சம் பிடித்ததை இன்ஜெக்டர், டர்போ என்று ஒரு வேலை வந்தால் ஒரே பில்லில் கொடுத்துவிட வேண்டியதுதான். அதுவும் என்னுடையது ரெண்டு தெரு தள்ளி நிறுத்தி, டின்னை இறக்கி, ஆச்சி தரும் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி கிளப்புகிற ஓட்டம். இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும், டீசலுக்கு அது ஒத்துவராது. தினமும் மதுரைக்குப் போய்வருகிறவர் கணக்கு வேறு.

சரி, 1.1-க்கு வருவோம். கப்பா 80 குதிரைசக்தி, இது எழுபதுக்கும் கீழே. ஆனால் ஊருக்குள் அந்தக் குறை தெரியவே இல்லை. தாழ்ந்த வேகத்திலேயே இழுவை வந்துவிடுவதால் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் அடிக்கடி கியரை இறக்க வேண்டியதில்லை. நம் பக்கம் மேடு பள்ளமும் கிடையாது. டவுனில் 1.2-ஐவிட லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அதிகமாகத்தான் கொடுக்கிறது.

சிரமமெல்லாம் திருச்சி ரோட்டில்தான். நாலு பேர், பின்னால் நிறைய டின், ஏசி. திருமயம் தாண்டி ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் மூன்றாவது கியருக்கு இறக்கி, ஏசியையும் அணைத்து, இன்ஜினைக் கத்தவிட்டுத்தான் போக வேண்டும். தம்பி வண்டியில் லேசாக மிதித்தால் போதும். மலை ஏறுகிறவர்களுக்கு 1.1-ஐ நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மற்றவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க 1.1-இல் டைமிங் பெல்ட், 1.2-இல் டைமிங் செயின். செயின் ஒழுங்காக ஆயில் மாற்றி வந்தால் ரொம்ப காலம் தாங்கும். ரப்பர் பெல்ட் வயதானால் அறுந்துபோகும், அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். கார் வாங்கியதும் மெக்கானிக் கேட்டது இதைத்தான்.

"பெல்ட் மாத்துன பில் இருக்காக்கா?"

"இல்லையே தம்பி."

"அப்ப இன்னைக்கே மாத்திருவோம்."

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப்பையும் அதோடு சேர்த்து மாற்றிவிட்டார். விலை பேசும்போதே இந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள். ஒரு வசதி, சான்ட்ரோ ஜிங்கில் இருந்ததும் இதே 1086 சிசி குடும்பம்தான். அதனால் கைபழகிய மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் வித்தியாசமே இல்லை. 1000-இலிருந்து 1500 சிசி வரை ஒரே பிரிவு. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் இரண்டுக்கும் ஒரே தலைவலிதான். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும், பழைய ரப்பர் ஹோஸ்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டி ஊருக்குள்ளேயே ஓடப்போகிறதென்றால் 1.1-ஐ எடுத்து, மிச்சப் பணத்தில் பெல்ட்டையும் டயரையும் மாற்றிக்கொள்ளலாம். மாதத்துக்கு நாலு தடவை வெளியூர் என்றால் கூடக் கொடுத்தாவது 1.2. எதுவானாலும் பதிவுத் தேதியைப் பாருங்கள். 15 வருடம் முடிந்தால் ஃபிட்னஸ் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 2012 வண்டிக்கு 2027-இல் அந்தச் செலவு வரும், அதையும் விற்கிறவரிடம் பேசிக் குறைக்கலாம்.