வலது பக்கம்: இரண்டு வருடம் சிலிக்கான் பேட், ஆறு வருடம் வயிற்றுத் திசு

2016 ஆகஸ்டில் எனக்கு வலது மார்பகத்தை முழுதாக எடுத்தார்கள், அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து. அப்போது எனக்கு 44 வயது. கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிய அடுத்த வருடம் பங்குனி ஆகிவிட்டது. அதன் பிறகு 2019 வரை, மார்பகத்துக்குப் பதிலாக பிராவுக்குள் வைக்கும் சிலிக்கான் பேட் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். 2019 மே மாத லீவில், வயிற்றுத் திசுவை எடுத்து மார்பகம் அமைக்கும் அறுவையைச் செய்துகொண்டேன். 'டீப் ஃப்ளாப்' என்பார்கள். இரண்டோடும் வருடக்கணக்கில் வாழ்ந்தாகிவிட்டது. இப்போது இதே முடிவின் முன்னால் நிற்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பேட். தையல் நன்றாக ஆறும்வரை சிலிக்கான் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடைவெளியில் அம்மா, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பை தைத்து, இலவம்பஞ்சை அடைத்துக் கொடுத்தார். வெறும் பஞ்சு மேலே ஏறிக்கொள்ளும் என்று அடியில் ஒரு பிடி கடுகையும் முடிந்து வைத்திருந்தார். அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். இப்போது நூலில் பின்னிய பேட்களை இலவசமாகவே தருகிறார்கள். மும்பையின் சாயிஷா இந்தியா போன்ற தன்னார்வக் குழுக்கள் இதைச் செய்கின்றன. ரேடியேஷன் பட்ட தோலுக்குப் பருத்தி நூல்தான் இதம். அப்போது எனக்கு இது தெரியாது.

சிலிக்கான் பேட் 6,500 ரூபாய் ஆனது. பை வைத்த பிரா தனி. புடவை கட்டி நிற்கும்போது யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது, அந்த விஷயத்தில் குறையே சொல்ல மாட்டேன். எடையும் தேவைதான். ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால் தோள்பட்டை ஒரு பக்கமாக இழுத்து முதுகு வலிக்கும். ஆனால் நான் கணக்கு டீச்சர். கரும்பலகையின் மேல் வரியில் எழுத வலது கையைத் தூக்கினால் பிரா மேலேறும், பேடும் கூடவே கழுத்துப் பக்கம் நகரும். கையை இறக்கினாலும் அது இறங்காது. முந்தானையைச் சரிசெய்வதுபோல் திரும்பி நின்று இழுத்துவிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் முன்னால் இதைச் செய்யப் பயந்து, பலகையின் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதப் பழகினேன். ஒரு நாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "மிஸ், மேலே எழுதுங்க மிஸ், எங்களுக்குத் தெரியல" என்றான். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிறகு திருச்சி வெயில். சித்திரை, வைகாசியில் பேடுக்கும் தோலுக்கும் நடுவில் வியர்வை நின்று வேர்க்குரு புண்ணாகிவிடும். தினமும் மிதமான சோப்பில் கழுவித் துடைத்து, அதன் பெட்டியிலேயே வைக்க வேண்டும். பின்னூசி பட்டால் கிழிந்துவிடும். புடவை கட்டுகிற நமக்கு அந்தப் பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் ஓரம் பிரிந்து பிசுபிசுவென்று ஆனது. இன்னொன்று வாங்கப் போனபோதுதான், வேறு வழி என்ன என்று முதன்முறையாக நிதானமாக யோசித்தேன்.

எனக்கு இம்ப்ளான்ட், அதாவது தோலுக்கு உள்ளேயே வைத்துத் தைக்கும் செயற்கை மார்பகம், வைத்துக்கொள்ளத்தான் ஆசை. அறுவை சிறியது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம், உடம்பில் வேறு எந்த இடத்தையும் வெட்ட வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜன் என் மார்புத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். விரலுக்குள் வரவே இல்லை. ரேடியேஷன் தோலை விலாவோடு ஒட்டி இறுக்கியிருந்தது. உடம்பு, உள்ளே வைக்கும் எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் மெல்லிய உறை ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அது இயல்பு. ரேடியேஷன் பட்ட இடத்தில் அந்த உறை தடித்துச் சுருங்கி இம்ப்ளான்ட்டை நெரிக்கும் வாய்ப்பு அதிகம் என்று படம் போட்டுக் காட்டினார். இந்த ஒரு விஷயத்தை மார்பகம் எடுப்பதற்கு முன்னாலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ரேடியேஷன் வருமா வராதா என்பது நம் வழிகளில் பாதியை முடிவுசெய்துவிடுகிறது. முதல் அறுவைக்கு முன்பே கேன்சர் சர்ஜனையும் பிளாஸ்டிக் சர்ஜனையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

சொந்தத் திசு என்றாலும் அதில் வகை உண்டு. முதுகுத் தசையைத் திருப்பி முன்னால் கொண்டுவருவது ஒன்று. வயிற்றுத் தசையோடு எடுப்பது இன்னொன்று, இதில் பின்னாளில் வயிறு தளர்ந்து குடலிறக்கம் வரலாம். டீப் முறையில் தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்களையும் மட்டும் எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் மார்புக் குழாய்களோடு தைக்கிறார்கள். எனக்கு இரண்டு சிசேரியன் ஆனதால் முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் சிடி ஆஞ்சியோவில் குழாய்கள் நன்றாகத் தெரிந்தன, தழும்பு தடையாக இல்லை. ஒன்றை மட்டும் சர்ஜன் மூன்று முறை சொன்னார்: "வயித்தை ஒரு தடவைதாம்மா எடுக்க முடியும்." நாளைக்கு இடது பக்கத்துக்கும் தேவைப்பட்டால் வயிறு இருக்காது. அந்த வாக்கியம் என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை.

பணம். இன்ஷூரன்ஸில் முதலில் "காஸ்மெடிக்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நல்லவேளையாக என் அண்ணன் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டினார்.  அழகு அறுவைக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அதே பத்தி, விபத்து, தீக்காயம், கேன்சர் இவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்புக்கு மட்டும் பணம் உண்டு என்றது. அந்த வரியில் மஞ்சள் அடித்து, சர்ஜனின் கடிதத்தோடு மறுபடி அனுப்பினோம். அறைவாடகை வித்தியாசம் போக மீதியைக் கொடுத்தார்கள். இப்போதைய பாலிசிகளில் அது, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகளில் எக்ஸ்க்ளூஷன் 08 என்று இருக்கும். உங்கள் பாலிசியில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

கேன்சர் திரும்ப வராமலிருக்கச் சாப்பிடும் டமாக்சிஃபென் மாத்திரையை டாக்டர் சொன்னபடி சில வாரம் முன்பே நிறுத்தினேன், ரத்தக்கட்டு அபாயம் இருக்கிறதாம். அறுவை ஏழரை மணி நேரம். கண் விழித்தபோது உடம்பெல்லாம் வெந்நீர்ப் போர்வை போல ஒன்று. குழாய்கள் சுருங்காமலிருக்க அறையைச் சூடாகவே வைத்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு முறை நர்ஸ் வந்து, புதிய மார்பகத்தில் ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும், பேனா மாதிரி ஒரு டாப்ளரை வைப்பார். "உஷ்... உஷ்... உஷ்..." என்று ஒரு சத்தம் வரும். கர்ப்பமாக இருந்தபோது பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்ட நினைவு வந்தது. சத்தம் வரும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு நாளில் குழாய் அடைத்துக்கொண்டால் உடனே மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும். முழுதாகத் தோற்றுப்போவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு என்றார்கள். படுத்திருப்பவளுக்கு ஐந்து சிறிய எண் இல்லை.

பத்து நாள் கூன் விழுந்துதான் நடந்தேன், வயிற்றுத் தையல் நிமிரவிடாது. இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை தழும்பு. அதில் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பிரிந்து ஆற ஐந்து வாரம் ஆனது. ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, குக்கர்கூடத் தூக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் அந்த நாட்களில்தான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். வீட்டில் கைகொடுக்க ஒருவர் இல்லாமல் இந்த அறுவைக்குப் போகாதீர்கள்.

எட்டாம் மாதம் குளிக்கும்போது புதிய மார்பகத்தின் மேல் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி தட்டுப்பட்டது. ஈரத்துணியோடு பாத்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேன், ஊசிப் பரிசோதனை, ரிப்போர்ட் வர நான்கு நாள். ரத்த ஓட்டம் போதாத கொழுப்பு செத்துக் கட்டியாகியிருக்கிறது, கேன்சர் இல்லை என்றார்கள். டீப் செய்தவர்களில் பலருக்கு இது வருமாம். அதை முன்பே சொல்லியிருந்தால் அந்த நான்கு நாளும் வேறு மாதிரி போயிருக்கும். கட்டி வந்தால் நீங்களாக முடிவுகட்டாமல் காட்டிவிடுங்கள், ஆனால் இப்படியும் ஒன்று உண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உணர்ச்சி இருக்காது. தொட்டால் துணி போட்டு மூடித் தொடுகிற மாதிரி இருக்கும், சில இடத்தில் அதுவும் இல்லை. 2021 மார்கழியில் தோள்வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். அது நழுவி மார்பில் கிடந்திருக்கிறது. காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டதே தெரிந்தது. இப்போது வெந்நீர்ப் பையை வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை.

ஆறு வருடம் கழித்து எப்படி இருக்கிறது? கோடையில் சாதாரண பருத்தி பிரா போடுகிறேன். கை தூக்கினால் எதுவும் நகர்வதில்லை, பலகையின் மேல் வரியிலிருந்து எழுதுகிறேன். நான் குண்டானபோது அதுவும் கொஞ்சம் பெருத்தது, அது வயிற்றுக் கொழுப்புத்தானே. சாய்ந்து படுத்தால் இடதுபோலவே சாய்கிறது. கண்ணாடியில் இரண்டும் ஒன்றுபோல் இல்லை, வலது சற்று மேலே, தழும்போடு. வயிறு இன்னும் மரத்துக் கிடக்கிறது. இடது பக்கத்துக்கு வருடாவருடம் மேமோகிராம். வலது கையில் ஊசியோ பிபி பட்டியோ போடவிடுவதில்லை. இந்த அறுவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால் வீக்கம் வராமலிருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ரேடியேஷன் வராண்டாவில் பழக்கமான தோழி ஒருத்தி, மார்பகம் எடுத்த அன்றே, தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கும் எக்ஸ்பாண்டர் பையை வைத்து, பிறகு இம்ப்ளான்ட்டுக்கு மாறினாள். மூன்றாம் வருடம் அது கல் மாதிரி இறுகி, எடுத்துவிட்டு முதுகுத் தசைக்குப் போக வேண்டியதாயிற்று. ரேடியேஷனே தேவைப்படாத இன்னொருத்திக்கு இம்ப்ளான்ட் ஒன்பது வருடமாக நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஆயுளுக்கும் வராது, ஒருநாள் மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டாள். 2019 ஜூலையில் ஒரு பெரிய நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, அவள் முதலில் எடுத்துப் பார்த்தது தன் இம்ப்ளான்ட் கார்டைத்தான். அவளுடையது வழவழப்பு வகை. அந்தக் கார்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

என் சித்திக்கு 63 வயதில் எடுத்தார்கள். எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் பேடும் வைப்பதில்லை, தளர்வான ரவிக்கையோடு கோயிலுக்குப் போய்வருகிறார். "எனக்கு என்னடி குறை?" என்பார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவரை மாற்றப் பார்த்த உறவுக்காரர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

காம்புக்கு டாட்டூ போடலாம் என்று 2020இலேயே சொன்னார்கள். நிறம் மங்க மங்கத் திரும்பப் போட வேண்டுமாம். கொரோனாவில் தள்ளிப்போனது, அப்புறம் மகளின் ப்ளஸ் டூ. இப்போது அவள் சென்னையில் படிக்கிறாள். போனவாரம் போனில், "அம்மா, நீ வர்றியா இல்ல நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கிரட்டுமா?" என்று கேட்டாள். தீபாவளிக்கு வரும்போது சொல்கிறேன் என்றிருக்கிறேன்.